எபியூசியோஸ்: ‘வேண்டிய ஆகாரம்’ என்பதை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிரேக்க வகுப்பில் ஒரு தம்பி, இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தை விளக்கினார். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற வரியில் ‘வேண்டிய’ என்று நாம் படிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது எபியூசியோஸ் என்ற சொல். அவர் சொன்ன விளக்கம், ஆரம்ப காலத்தில் நான் சொன்னது அப்படியே. அதே தவறுகள், அதே வரிசையில். உச்சரிப்பு, வேற்றுமை உருபு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

அகராதியை முடிந்த முடிவாக எடுப்பது

மத்தேயு 6:11, லூக்கா 11:3, அப்புறம் தீதாகே என்ற பழைய சபை நூல். இந்தச் சொல் முதலில் வரும் இடங்கள் இவ்வளவுதான், மூன்றும் ஒரே ஜெபம். கிரேக்கத்திலேயே எழுதி வாழ்ந்த சபை அறிஞர் ஓரிகன், 3ஆம் நூற்றாண்டிலேயே, இந்தச் சொல் அறிஞர்களிடமும் இல்லை, மக்கள் பேச்சிலும் இல்லை, சுவிசேஷகர்களே உருவாக்கியது போலிருக்கிறது என்று எழுதிவிட்டார். அகராதி தருவது ஊகம்.

சொல்லைப் பிய்த்து அர்த்தம் எடுப்பது

எபி என்றால் மேல், ஊசியா என்றால் உள்ளியல்பு, ஆகவே ‘இயற்கைக்கு மேலான அப்பம்’. பைபிளை லத்தீனில் தந்த ஜெரோம் மத்தேயுவில் இப்படித்தான் பெயர்த்தார். லூக்காவிலோ அதே சொல்லுக்கு ‘அன்றாட’ என்று போட்டார். வேறு விதமாகவும் பிரிக்கலாம்: அப்போஸ்தலர் 16:11இல் ‘மறுநாள்’ என்பதற்கு வரும் எபியூசா என்ற சொல்லோடு சேர்த்தால் ‘வரும் நாளுக்கான’ ஆகாரம். என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் பிரித்ததை மட்டும் வைத்துச் சாதிக்க மாட்டேன். ‘கைக்கூலி’யைக் கை, கூலி என்று பிரித்துப் பார்க்கிறவருக்கு லஞ்சம் என்ற அர்த்தம் கிடைக்குமா?

எகிப்துக் கணக்குச் சீட்டை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும்.

எகிப்தின் ஹவாராவில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) செலவுக் கணக்கை ஏ. எச். சேய்ஸ் என்ற அறிஞர் படித்தார், 1889இல் அது அச்சில் வந்தது. அதில் ‘எபியூசி…’ என்று முடியாத ஒரு சொல் இருப்பதாக அவர் படித்திருந்தார். 1925இல் ஆல்பர்ட் டெப்ருன்னர் என்ற மொழியியல் அறிஞர் அதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டுச் செலவுக் கணக்கில் இருக்கிறதே, அப்படியானால் ‘அன்றைய படி’ என்றுதான் அர்த்தம் என்ற பேச்சு பரவியது. பிறகு சரிபார்க்கத் தேடியபோது சீட்டைக் காணவில்லை. 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் அது மறுபடி அகப்பட்டது. எடுத்துப் படித்தால், அங்கே இருந்தது எலாயூ. எண்ணெய்! கிரேக்க எழுத்துகளில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்று, ‘இயூ’ என்ற மூன்று எழுத்துகளும் ஒன்று. நடுவில் லாம்டாவும் ஆல்ஃபாவும் இருக்க, அந்த இடத்தில் ‘பை’ என்று படித்துவிட்டார்கள்.

நான் இது தெரியாமல், பழைய விளக்கவுரை ஒன்றை நம்பி, இந்தச் சீட்டைப் பற்றி ஒரு பாடக் கையேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்தேன். உண்மை தெரிந்த பிறகு, கையில் இருந்தவற்றில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் திருத்தச் சீட்டு ஒட்டினேன். வெளியே போனவற்றை என்ன செய்ய? அந்தத் தம்பி, “ஐயா, இது எகிப்துக் கடைக்கணக்கிலேயே இருக்கு” என்று கையில் தூக்கிக் காட்டியது என்னுடைய கையேடு. ஒட்டாத பிரதி.

ஆதாரம் என்று ஒன்றைச் சொல்லுமுன், அதைக் கடைசியாக நேரில் பார்த்தது யார், எந்த ஆண்டு என்று கேளுங்கள். புத்தகம் புத்தகத்தைப் பார்த்து எழுதியதைப் பத்து சாட்சி என்று எண்ணாதீர்கள்.

ஜெரோம் சொன்ன ‘மாஹார்’

எபிரெயர் சுவிசேஷம் என்ற பழைய நூலில் இந்த இடத்தில் ‘மாஹார்’, அதாவது ‘நாளைக்கு’, என்று இருந்ததாக அவர் சொல்கிறார். அந்த நூல் நம் கையில் இல்லை. எடை பார்த்துப் பயன்படுத்துங்கள்.

லூக்காவை விட்டுவிடுவது

மத்தேயுவில் ‘இன்று’, லூக்காவில் ‘அன்றன்றும்’. எபியூசியோஸுக்கு ‘அன்றாட’ என்றே வைத்தால் லூக்கா ‘அன்றாட ஆகாரத்தை அன்றன்றும் தாரும்’ என்று ஒன்றையே இரண்டு முறை சொன்னதாக ஆகிறது. இரண்டு வசனத்தையும் ஒரே தாளில் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.