மண்ணில் இறங்கும் குழந்தை: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது. ஒன்றரை வயது அண்ணன் மகள் கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய இடம் கறுத்தது. நீர் உள்ளே இறங்கியதும் குனிந்து பார்த்தாள், விரலால் அழுத்தினாள், விரலை முகர்ந்தாள், மறுபடியும் மொண்டாள். ஏழெட்டு முறை இப்படியே நடந்தது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "செல்லம், இது என்ன நிறம்? சொல்லு பார்ப்போம்!" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்று அவள் மண்பக்கம் திரும்பவே இல்லை.

ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகள் மண், நீர், இலை, கல் ஆகியவற்றைத் தொட்டும் முகர்ந்தும் விளையாட வேண்டும் என்று பெற்றோர் பலர் இப்போது விரும்புகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம் இது. ஆனால் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: விளையாட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய கவனம் இருப்பதில்லை, விளையாட்டு தொடங்கியபின் வேண்டாத கவனத்தைக் கொட்டுகிறோம்.

முன்னால் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, பொருளின் அளவு. புளியங்கொட்டை, சோழி, கொண்டைக்கடலை எல்லாம் தாம்பாளத்தில் பரப்பினால் அழகாகத்தான் இருக்கும். இந்த வயதில் அவை வாய்க்கோ மூக்குக்கோதான் போகும். பயறு வகைகள் மூக்கின் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடுவதால் எடுப்பது இன்னும் கடினம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளை ஓர் உருளைக்குள் போட்டுச் சோதிப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடியது என்று பொருள். அந்த உருளையின் விட்டம் சுமார் 3.2 சென்டிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 2.7. ஆகவே அந்த நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருப்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. உருண்டையானவை இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். பனங்கொட்டை, நுங்கு தின்றபின் மிஞ்சும் கூடு, வாழைப்பூ மடல், தேங்காய் மட்டை, உள்ளங்கை நிறையும் கூழாங்கல்: நம் ஊரில் இதற்கெல்லாம் குறையே இல்லை, காசும் வேண்டாம்.

இரண்டாவது, நஞ்சு. "இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் எந்தக் குழந்தையையும் இழுக்கும். அதன் ஓடு உடைந்தாலோ மென்றாலோ உள்ளே இருக்கும் அப்ரின் உயிருக்கே ஆபத்தானது. ஆமணக்கு விதையில் இருப்பது ரிசின். வீட்டு வாசலிலும் நெடுஞ்சாலை நடுவிலும் பூத்துக் குலுங்கும் அரளி இதயத்தைத் தாக்கும். ஊமத்தையும் காட்டாமணக்கும் அப்படியே ஒதுக்க வேண்டியவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பெயர் தெரியாத செடியின் இலையையோ காயையோ குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். துளசி, கற்பூரவள்ளி, கறிவேப்பிலை, வெட்டிவேர் போதும். நான்கும் நான்கு வாசனை.

நீரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் மறக்காதீர்கள். சில அங்குல நீர் இருக்கும் வாளியிலும் குழந்தை மூழ்கிவிடும். பெரும்பாலும் சத்தமே இருக்காது. எப்போதும் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருங்கள். தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். விளையாட்டு முடிந்த நிமிடமே நீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

மண்ணிலும் வேறுபாடு உண்டு. தெருவில் கட்டட வேலைக்குக் கொட்டிய எம்-சாண்ட் கல்லை நொறுக்கிச் செய்வது. அதன் நுண்தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. கடையில் விற்கும் கோலமாவும் பெரும்பாலும் கல்மாவுதான், அரிசிமாவு அல்ல. வீட்டு மணல் தொட்டியை இரவில் மூடாமல் விட்டால் பூனைகள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். அசுத்தமான மண்ணிலிருந்து கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே உடலுக்குள் நுழையும். இதற்குப் பயந்து மண்ணையே தடுப்பது அடுத்த தவறு. தொட்டியை மூடுங்கள், நகத்தை வெட்டுங்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள்களான பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகியவற்றையொட்டி ஒரு வயது முதல் 19 வயது வரை மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். அங்கன்வாடியில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டதென்றால், அடுத்து நம் வாயையும் கையையும் அடக்க வேண்டும். இதுதான் கடினம். "சீ, அழுக்கு" என்று முகம் சுளிப்பதும், ஒவ்வொரு நிமிடமும் ஈரத்துணியால் கைதுடைப்பதும் குழந்தைக்கு ஒன்றைத்தான் சொல்லும்: இது தொடக்கூடாதது. "அப்படியில்லை, இப்படி ஊற்று" என்று கையைப் பிடித்துக் காட்டுவதும் தவறு. கேள்வி கேட்பது இவற்றைவிட நல்லதுபோலத் தோன்றும். அது ஏன் கெடுக்கிறது என்பதைக் கொல்லையில் கண்டேன். ஊற்றிய நீர் எங்கே போகிறது என்று அவள் தானாகவே ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் நடுவில் புகுந்து அதைத் தேர்வாக மாற்றிவிட்டேன். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலில் குழந்தைகளோடு பணிபுரிந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, ஒன்றில் ஆழ்ந்திருக்கும் குழந்தையின் வேலையில் ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவர். குழந்தை தலைநிமிர்ந்து உங்களைப் பார்க்கும்போது பேசுங்கள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே போதும்.

சில குழந்தைகளுக்குச் சேறு பிடிக்காது. கையைப் பிடித்து அமுக்காதீர்கள். ஒரு குச்சியோ மரக்கரண்டியோ கொடுங்கள். சில நாள்கள் பார்த்துவிட்டு, ஒரு விரலை மட்டும் நனைக்கும். மாதக்கணக்கில் எதையுமே தொட மறுத்து அழுதாலும், கண் தப்பினால் மண்ணை அள்ளித் தின்பது வழக்கமாகிவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மண் தின்பதற்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம்.

பத்துப் பொருளை ஒரே நேரத்தில் பரப்பவும் வேண்டாம். இரண்டு, மிஞ்சினால் மூன்று. வெயில் ஏறுவதற்கு முன் காலையிலோ, நான்கு மணிக்குமேலோ வைத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் விதத்திலும் தவறு நேர்கிறது. ஆழ்ந்திருக்கும் குழந்தையைச் சட்டென்று தூக்கிக்கொண்டு போனால் அழத்தான் செய்யும். நான் இப்போது ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் உட்கார்கிறேன். முதலில் கொட்டாங்குச்சியைக் கழுவுகிறோம், பிறகு பனங்கொட்டையை, கடைசியில் அவள் கைகளை. நான் ஊற்ற, அவள் தேய்க்கிறாள். அதற்கே பத்து நிமிடம் ஆகிறது.