பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்

கென்யாவின் ஜூலியஸ் யேகோ ஈட்டி எறியக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் யூடியூப் காணொளிகளைப் பார்த்துத்தான். 2015இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். நம் பிள்ளைகளும் நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்க்கிறார்கள்; பந்துவீச்சு மட்டும் தேறுவதில்லை. கண் பந்தின் பின்னாலேயே ஓடிவிடுகிறதே!

வேகப்பந்து பழகுகிறவர்கள் காணொளியைக் கால்பங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு நாள் முன்கால் தரையில் பதியும் விதத்தை மட்டும் பாருங்கள். முட்டி மடிகிறதா, விறைப்பாக நிற்கிறதா? மறுநாள், பந்து வீசாத கை. உடலைத் திருப்பி வேகம் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு; பாவம், அதை யாரும் கவனிப்பதில்லை. நாலைந்து முறை பார்த்தவுடன் எழுந்து, பந்து இல்லாமலே அந்த அசைவைச் செய்யுங்கள். பிறகு அதே கோணத்தில் உங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து ஒப்பிடுங்கள். நாம் செய்வதாக நினைப்பது ஒன்று, செய்வது வேறொன்று என்பது அப்போதுதான் தெரியும். என்னுடையதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இடக்கைக்காரர்கள் வலக்கை வீரரின் காணொளியை இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். பல செயலிகளில் அந்த வசதி இருக்கிறது.

தொடக்கத்திலேயே பும்ராவையோ மலிங்காவையோ பிடித்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடையவை அவரவர் உடம்புக்கு அமைந்த தனிப் பாணிகள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் மெக்ராத் போன்ற எளிய, நேரான வீச்சு உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள்.