பிரிட்டனில் ஓ.டி.யாகப் பதிவு பெறுவது எப்படி? எச்.சி.பி.சி. விண்ணப்பம், படிப்படியாக

ஓ.டி. என்பது ஆக்குபேஷனல் தெரபி: நோய், காயத்துக்குப் பிறகு அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள உதவும் சிகிச்சை. அதில் பி.ஓ.டி. பட்டம் முடித்துவிட்டு பிரிட்டன் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) வேலைத் தளத்தை. அங்கே 'பதிவு எண்' கேட்கும் கட்டம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் பதிவு, பிறகு வேலை, கடைசியில் விசா.

பதிவு தருவது எச்.சி.பி.சி. (ஹெல்த் அண்ட் கேர் ப்ரொஃபஷன்ஸ் கவுன்சில்) என்கிற ஒழுங்குமுறை அமைப்பு. 2001ஆம் ஆண்டின் ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் ஆர்டர்தான் அதற்கு அதிகாரம் கொடுத்த சட்டம். பிசியோ, பாராமெடிக், ரேடியோகிராஃபர் என மொத்தம் 15 தொழில்கள் அதன் கீழ் வருகின்றன. 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' என்பது சட்டம் பாதுகாக்கும் பட்டப்பெயர். பதிவில் இல்லாத ஒருவர் ஏமாற்றும் நோக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டால், அந்த ஆர்டரின் 39ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் பிரிட்டனில் இறங்கியதுமே லிங்க்ட்இன்னில் பட்டப்பெயரை மாற்றிவிடாதீர்கள். பதிவு வரும்வரை உதவியாளர் வேலையில் இருந்தால் 'தெரபி அசிஸ்டென்ட்' என்றே எழுதுங்கள்.

ஆர்.சி.ஓ.டி. (ராயல் காலேஜ் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்ஸ்) வேறு, எச்.சி.பி.சி. வேறு. முன்னது தொழில்முறைச் சங்கம், சேர்வது உங்கள் விருப்பம். நம் ஊர் ஏ.ஐ.ஓ.டி.ஏ.வும் (அகில இந்திய ஓ.டி. சங்கம்) 1952இல் தொடங்கிய சங்கம்தான். அதன் உறுப்பினர் அட்டையை 'என் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் சான்று' என்று காட்டினால் கேள்வி வரும். டெல்லி (1997), மகாராஷ்டிரா (2002) சட்டங்களின் கீழ் அமைந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் அந்தச் சான்றைக் காட்டலாம். 2021இல் வந்த தேசிய துணைநிலை, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஓ.டி.யைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. அதன் கீழ் பதிவு செய்திருந்தால் அதையும் சேருங்கள். எது சங்கம், எது சட்டப்படியான பதிவு என்பதை மட்டும் படிவத்தில் பிரித்துக் காட்டிவிடுங்கள்.

படி 1: பெயரைச் சரி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள், இதில்தான் பல வாரம் போகும். பட்டச் சான்றிதழில் 'எஸ். கவிதா'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட் என்றால் அந்தக் கட்டத்தில் கணவர் பெயர். மதிப்பீடு செய்பவருக்கு இனிஷியல் என்ற வழக்கமே தெரியாது. அவர் கண்ணுக்கு இவர்கள் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர்.

'இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரையே குறிக்கும்' என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுங்கள். சான்றிதழ்களில் பெயர் எத்தனை விதமாக வருகிறதோ அத்தனையும் புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே அதில் இருக்கட்டும். விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் பெயர் ஒன்றே.

படி 2: ஆங்கிலத் தேர்வு

ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்: மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது. 'படிப்பு முழுக்க ஆங்கில வழியில்' என்று கல்லூரி தரும் கடிதத்தை நம்பி, தேர்வே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால், முதலில் தேர்வை எழுதிவிட்டு அப்புறம் கல்லூரிக்கு நடையாய் நடப்பது தவறான வரிசை. காகிதங்கள் பாதி சேர்ந்த பிறகு எழுதுங்கள்.

படி 3: பாட விவரம்

பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் மதிப்பெண் இருக்கும், மணிநேரம் இருக்காது. எச்.சி.பி.சி. பார்ப்பது என்ன படித்தீர்கள், எத்தனை மணிநேரம், எந்தப் பிரிவில் எத்தனை வாரம் கிளினிக்கல் போஸ்டிங் என்பதை. அதைக் கல்லூரிதான் உறுதிசெய்ய வேண்டும்.

கல்லூரி அலுவலகத்தில் போய் 'படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்' என்றால் அது மேசையிலேயே கிடக்கும். நீங்கள் படித்த ஆண்டின் சிலபஸை எடுத்து (இப்போதைய சிலபஸ் அல்ல, இடையில் மாறியிருக்கலாம்), மணிநேரத்தைக் கூட்டி, வரைவைத் தயாராகத் துறைத் தலைவர் கையில் கொடுங்கள். லாக்புக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் அவர் வேலையாக இருக்கட்டும். டபிள்யூ.எஃப்.ஓ.டி.யின் (ஓ.டி.களின் உலகக் கூட்டமைப்பு) குறைந்தபட்சத் தரம் 1,000 மணிநேரக் களப்பயிற்சி. உங்கள் கணக்கு அதற்குக் கீழே போனால், இன்டெர்ன்ஷிப்பைச் சேர்க்க மறந்திருப்பீர்கள், மறுபடி எண்ணுங்கள். 'எங்கள் கல்லூரிக்கு டபிள்யூ.எஃப்.ஓ.டி. அங்கீகாரம் உண்டு' என்ற ஒரு வரியால் மட்டும் பதிவு கிடைக்காது.

படி 4: தரநிலைகளோடு பொருத்துவது

இதுதான் விண்ணப்பத்தின் உயிர். ஓ.டி.க்கான எச்.சி.பி.சி. தரநிலைகள் (பதிவு பெறுபவருக்கு இருக்க வேண்டிய அறிவும் திறனும்) 15 தலைப்புகளில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் பல துணைக் கூறுகள். இப்போது நடைமுறையில் உள்ள பதிப்பு 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருப்பது. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் 'மாதிரி விண்ணப்பங்கள்' பல பழைய பதிப்பை வைத்து எழுதியவை, எண்ணே பொருந்தாது.

இதற்கு வேர்டு வேண்டாம், கூகுள் ஷீட்டே நல்லது. துறைத் தலைவரோடு பகிர்ந்துகொள்ளலாம், எது காலி என்பது ஒரே பார்வையில் தெரியும். ஆறு நெடுவரிசை போதும்: தரநிலை எண், படித்த பாடம், ஆண்டு, மணிநேரம், சிலபஸ் பக்க எண், வேலையில் செய்த ஓர் உதாரணம். உடற்கூறியல், கை ஸ்ப்ளின்ட், குழந்தைகள் ஓ.டி. எல்லாம் தானாக நிரம்பிவிடும். 12, 13ஆம் தலைப்புகளில், அதாவது அறிவுத் தளத்திலும் திறன்களிலும், நம்மவர்களுக்குச் சிக்கலே இல்லை.

காலியாக நிற்பது 2ஆம் தலைப்பு: சட்டம், நெறி வரம்புக்குள் வேலை செய்வது. நம் சிலபஸில் 'எதிக்ஸ்' என்று சில மணிநேரம் இருக்கும், பிரிட்டன் சட்டம் இருக்காது. அந்தக் கட்டத்தில் பலரும் எழுதுவது: 'சிகிச்சைக்கு முன் நோயாளியின் சம்மதத்தை எப்போதும் பெறுவேன்.' பொய் இல்லை, ஆனால் இதை வைத்து மதிப்பீட்டாளரால் எதையும் முடிவு செய்ய முடியாது.

அவர் தேடுவது என்ன என்பதற்கு ஒரு காட்சி. பக்கவாதம் வந்த 68 வயது அம்மா. வார்டு சமையலறையில் ஒரு கோப்பை டீ போடச் சொல்லிப் பார்க்கிறீர்கள். கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமலே ஸ்விட்சைப் போடுகிறார், நீங்கள் சுட்டிக்காட்டியதும் திருத்திக்கொள்கிறார். 'வீட்டுக்குப் போகணும், தனியாகவே இருந்துகொள்வேன்' என்கிறார். மகள், 'முடியவே முடியாது, ஹோமில் சேர்த்துவிடுங்கள்' என்கிறார். நம் ஊரில் மகள் சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டின் மென்டல் கெபாசிட்டி சட்டம் குறுக்கே வரும். 16 வயது முதல் எல்லோருக்கும் அது பொருந்தும். 'முடிவெடுக்கும் திறன் உண்டு' என்பதே தொடக்கப் புள்ளி, இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை நான்கு: இந்த முடிவுக்கான தகவல் அவருக்குப் புரிகிறதா, தேவையான நேரம் அதை மனத்தில் வைத்திருக்க முடிகிறதா, எடைபோட்டுப் பார்க்க முடிகிறதா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா. மூளை அல்லது மனச் செயல்பாட்டில் உள்ள கோளாறால் இதில் ஒன்று முடியாமல் போனாலும், அந்த முடிவுக்கு மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும் திறன் இல்லை என்று பொருள். கெட்டில் தவறு பாதுகாப்புக் கவலை, திறன் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. நமக்கு அசட்டுத்தனமாகத் தோன்றும் முடிவை எடுப்பதும் அவர் உரிமை.

இதைப் படித்துவிட்டு உங்கள் கேஸ் ஒன்றை நேர்மையாக எழுதுங்கள்: இங்கே குடும்பம் முடிவெடுத்தது, நான் நோயாளியிடம் தனியாகக் கேட்டது இது, குறிப்பேட்டில் பதிந்தது இது, இங்கிலாந்துச் சட்டப்படி என்றால் இந்த இடத்தில் இப்படிச் செய்திருப்பேன். நடக்காததை நடந்ததாக எழுத வேண்டாம். கேர் ஆக்ட் 2014 (இங்கிலாந்தின் சமூகப் பராமரிப்புச் சட்டம்), துன்புறுத்தலிலிருந்து நோயாளியைப் பாதுகாக்கும் நடைமுறை, ரகசியம் காத்தல் ஆகியவற்றுக்கும் இதே பாணி. ஆன்லைன் பயிற்சி எடுத்திருந்தால் சான்றிதழோடு, அதனால் வேலையில் என்ன மாறும் என்று இரண்டு வரி சேருங்கள். வெறும் சான்றிதழ் அடுக்குக்கு மதிப்புக் குறைவு.

ஏஜென்டிடம் இந்தக் கட்டத்தைக் கொடுக்காதீர்கள். ஒரே பத்தியைப் பலருக்கும் ஒட்டுவார்கள், நாளை நேர்காணலில் அதையே உங்களிடம் கேட்பார்கள்.

படி 5: அனுப்பிய பிறகு

கட்டணம் இரண்டு: மதிப்பீட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. தொகை மாறும், கட்டும் அன்று தளத்தில் பாருங்கள். கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வந்தால் அது நிராகரிப்பு அல்ல. எந்தத் தரநிலை எண்களைக் கேட்டார்களோ அவற்றுக்கு மட்டும், அதே எண்களைத் தலைப்பாகப் போட்டு, கெடு தேதிக்குள் பதில் கொடுங்கள். முழு விண்ணப்பத்தையும் திரும்ப அனுப்பினால் பதில் அதற்குள் தொலைந்துபோகும். நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு.

பதிவு எண் 'OT' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், முதலாளியும் அங்கேதான் பார்ப்பார். தொழில் இழப்பீட்டுக் காப்பும் (உங்கள் வேலையில் தவறு நேர்ந்து யாராவது இழப்பீடு கேட்டால் ஈடுகட்டும் காப்பீடு) கட்டாயம். என்.எச்.எஸ். ஊழியருக்கு வேலை தரும் அமைப்பின் காப்பு அந்த வேலைக்கு மட்டும். சனிக்கிழமை தனியாக ஒரு குழந்தையைப் பார்த்தால் அதற்கு வேறு காப்பு எடுக்க வேண்டும். ஆர்.சி.ஓ.டி. உறுப்பினர் சந்தாவில் அது சேர்ந்தே வருகிறது, என் கணக்கில் சங்கத்தில் சேர அதுவே முக்கியக் காரணம்.

பின்னர் சேர்த்தது: 'ஸ்காட்லாந்தில் வேலை, அதே மென்டல் கெபாசிட்டி சட்டத்தை எழுதலாமா?' என்று சிலர் கேட்டிருந்தார்கள். எச்.சி.பி.சி. பதிவு ஒன்றுதான், நாடு முழுவதும் செல்லும். திறன் பற்றிய சட்டம்தான் வேறு: ஸ்காட்லாந்துக்கு 2000ஆம் ஆண்டின் அடல்ட்ஸ் வித் இன்கெபாசிட்டி சட்டம். எந்தப் பகுதியைக் குறித்து எழுதுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி புதுப்பித்தல் பற்றி. ஓ.டி.களுக்குச் சுற்று 2 ஆண்டு, ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபர் 31 கடைசி நாள். நீங்கள் எப்போது சேர்ந்தாலும் சுற்று உங்களுக்காகத் தனியாகத் தொடங்காது. புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைக் குலுக்கலில் எடுத்து, தொடர்கல்விப் பதிவைக் கேட்பார்கள். படி 4இல் போட்ட ஷீட்டை அழித்துவிடாதீர்கள், இன்னொரு தாளைச் சேர்த்து தேதி, கற்றது, நோயாளிக்கு அதனால் ஆன பயன் என்று மாதம் ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள்.