சரிந்த தரையில் என் வேலை மேசை

ஹட்டனிலுள்ள என் பட்டறையின் சீமெந்துத் தரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால், துளையிடும் இயந்திரம் பூட்டிய மேசை ஓயாது ஆடியது. அண்டை கொடுத்த மரத்துண்டுகளோ மழைக்காலத்தில் ஊறி நசுங்கின. அடுத்து வாங்கிய, திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள திருகுக்கால்கள் ஒரே மாதத்தில் வளைந்தன.

மேசையும் இயந்திரமும் சேர்ந்து ஏறத்தாழ 240 கிலோ. நான்கு கால்கள் இருந்தாலும் சமமற்ற தரையில் மூன்றே பாரத்தைத் தாங்கக்கூடும் என்பதால், எடையை மூன்றால் வகுத்து, அதிர்வை எண்ணி இருமடங்காக்கி, ஒவ்வொன்றும் 160 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் 16 மில்லிமீற்றர் கால்களைத் தேர்ந்தெடுத்தேன். சரிவுக்கேற்பச் சாயும் அடித்தட்டும் றப்பர் அடியும் கொண்ட அவை, இங்குள்ள பனியீரத்துக்காகத் துருப்பிடிக்காத உருக்கில் செய்தவை (விலைதான் கசந்தது). திருகை இயன்றவரை குறைவாக நீட்டி, ரசமட்டம் பார்த்து, பூட்டு நட்டை இறுக்கினேன். முதல் நாள் அதை மறந்ததால், அதிர்விலேயே ஒரு கால் தானாகத் திரும்பிவிட்டது.