வாவித் தண்ணீரைச் சுத்தம் செய்யாதீர்கள்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் போத்தலோடு இறங்கும் உயர்தரப் பிள்ளைகள், நான் ஒருகாலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். அவர்கள் தேடுவது கோவனோபிளஜலேற்றுகளை. சாட்டைபோல் அடிக்கும் வாலான ஒரு சவுக்குமுளை, அதைச் சுற்றி நுண்மயிர்களாலான கழுத்துப்பட்டி, 10 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த உடல். உயிரோடிருக்கும் தனிக்கல உயிரிகளில் விலங்குகளுக்கு மிகக் கிட்டிய சொந்தம் இவைதான். கண்ணாடி வழுக்கியில் விரலடையாளம், தூசி பிடித்த வில்லை எல்லாம் ஒரு வாரத்தில் தாமாகத் திருந்திவிடும்; அவற்றை விட்டு, மற்றப் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பற்றீரியாவைக் கொல்வது

என் முதல் வளர்ப்பு வாவித் தண்ணீரும் இரண்டு அரிசியும்தான். மூன்றாம் வாரம் கழுத்துப்பட்டிகளைக் கண்டேன். தண்ணீர் கலங்கி நாறியது. பழுதாகிவிட்டதென்று நினைத்து நுண்ணுயிர்கொல்லி மருந்தைக் கலந்தேன். சில நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவை தின்பதே பற்றீரியாவைத்தானே! அதற்குள் மாரி மழை பிடித்து வாவியின் உப்பும் இறங்கிவிட்டது. மறுபடி தொடங்கப் பங்குனி வரை காத்திருந்தேன்.

உணவு மட்டுமல்ல விஷயம். சல்பிங்கோயெக்கா ரோசெற்றா என்ற இனம் பூப்போலக் கூட்டமாக வளரக்கூடியது. நுண்ணுயிர்கொல்லி இட்டதும் கூட்டங்கள் இல்லாமல் போவதை பெர்க்லியில் நிக்கோல் கிங்கின் குழு கண்டது. அல்கோரிபேகசு என்ற பற்றீரியா வெளியிடும், கந்தகம் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறுதான் கூட்டமாகும்படி தூண்டுகிறது என்று 2012இல் வெளியிட்டார்கள். பல்கல வாழ்வு எப்படித் தொடங்கியிருக்கும் என்று தேடுகிறவனுக்கு அந்த நாற்றத்துக்குள்தான் ஒரு தடயம் இருக்கிறது. போன மாதமும் ஒரு பிள்ளை பாமசிக் கப்சூல் ஒன்றை உடைத்துப் போட்டுவிட்டு வந்து, "மணம் போயிட்டு சேர்" என்றான். எனக்கு நெஞ்சு எரிந்தது.

கலங்கள் "ஒன்றுகூடின" என்று எழுதுவது

ரோசெற்றாவில் ஒரு கலம் பிரிகிறது. பிரிந்தவை விலகாமல் மெல்லிய பாலங்களால் ஒட்டி நிற்கின்றன. முட்டையொன்று பிரிந்து முளையமாவதும் இப்படித்தான். தனித்தனிக் கலங்கள் வந்து சேர்வது வேறு கதை. அதைக் கப்சசுபோரா என்ற, விலங்குகளின் இன்னொரு தனிக்கல உறவில் பார்க்கலாம்.

"நம் மூதாதை" என்பது

இல்லை. கோவனோபிளஜலேற்றுகள் நமக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பொது மூதாதை 60 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

வொல்வொக்சை இழுப்பது

கலங்கள் கூட்டமாக வாழ்வதற்கு உதாரணமாக இதையும் இழுப்பார்கள். அது பச்சை அல்கா, அதாவது பாசி. வேறு கிளை, வேறு கூர்ப்பு.

வெளிச்சத்தை முழுக்கத் திறப்பது

கழுத்துப்பட்டி தெரியாது. நுணுக்குக்காட்டியின் இடைத்திரையைச் சுருக்குங்கள்.