கடுக்காய் மை: தாளில் ஒரு மாதிரி, துணியில் வேறு மாதிரி

மை காய்ச்சுவது பெரிய வித்தை எல்லாம் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் 50 கிராம், அன்னபேதி (இரும்பு சல்பேட்) 10 கிராம், கொஞ்சம் கருவேலம் பிசின் வாங்கிக்கொள்ளுங்கள். கடுக்காயைத் தட்டிக் கொட்டையை எறிந்துவிடலாம், துவர்ப்பு எல்லாம் தோலில்தான். தோலை ஒன்றிரண்டாக இடித்து அரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைத்து, மறுநாள் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, ஆறியதும் அன்னபேதியைப் போட்டால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்ணெதிரே கறுத்துவிடும். ஊறிய பிசின் ஒரு ஸ்பூன், பூஞ்சை வராமலிருக்க இரண்டு கிராம்பு. சமையலுக்குப் புழங்கும் பாத்திரம் வேண்டாம், இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஒரே புட்டி மை தாளில் கன்னங்கரேல் என்று நிற்கும், துண்டில் ஒரு அலசலுக்கே எலி நிறமாகிவிடும், பனை ஓலையில் விரல் பட்டாலே வந்துவிடும். மை கெட்டுப்போய்விட்டது என்று நானும் இரண்டு முறை கீழே கொட்டியிருக்கிறேன்.

தாளில் எழுதும்போது வெளிறித் தெரிந்தால் பயப்படாதீர்கள். அதிலிருக்கும் இரும்பு காற்றுப்பட்டு மாற நேரம் பிடிக்கும், மறுநாள் பாருங்கள். செய்தித்தாள் மாதிரி உறிஞ்சும் தாளில் எழுத்து மீசை முளைத்துப் பரவும், பிசினைக் கொஞ்சம் கூட்டினால் அடங்கும். இன்னும் கறுப்பாக வேண்டுமென்று அன்னபேதியை அள்ளிப் போட வேண்டாம், அது அமிலம் சேர்ந்த சரக்கு, வருஷங்கள் போகப் போக எழுத்து இருந்த இடத்தில் தாளே பழுத்து உதிரும். ஃபவுண்டன் பேனாவிலும் ஊற்றாதீர்கள், பிசின் அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் பேனாவோ நாணல் குச்சியோ போதும்.

துணி விஷயத்தில்தான் நான் ரொம்ப நாள் முட்டிக்கொண்டேன். கலந்து வைத்த மையில் கருமை ஏற்கெனவே துகளாகிவிட்டது, அது நூலுக்கு மேலே உட்காருமே தவிர உள்ளே போகாது. கருமை நூலுக்குள்ளேயே உண்டாக வேண்டும். கலம்காரி (துணியில் கையால் வரையும் சித்திரம்) போடுகிறவர்கள், காளஹஸ்தியிலும் சரி நம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் சரி, இதைத்தான் செய்கிறார்கள்: முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைப்பது, அப்புறம் இரும்புத் துண்டும் வெல்லமும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைத்த நீரால் வரைவது. கோடு விழுந்த இடத்தில் அங்கேயே கறுக்கும், பாலிலுள்ள கொழுப்பு கோட்டைப் பரவவிடாது. வீட்டில் செய்தாலும் அதே வழிதான். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசிவிட்டுத் தொடங்குங்கள். அவசரத்துக்கு அன்னபேதிக் கரைசலில் வரையலாம், ஆனால் நாளாக நாளாகப் பருத்தி இற்றுப்போகும், புளித்த இரும்பு நீர்தான் பதமானது. பாலியெஸ்டரில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மரத்துக்கும் இதே தந்திரம். வினிகரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஒரு வாரம் வையுங்கள், மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். கருவேல மரத்தில் இயல்பாகவே துவர்ப்பு அதிகம் என்பதால் இந்த நீரைத் தடவினாலே கறுத்துவிடும். பேக்கிங் பெட்டிப் பலகையில் துவர்ப்பு குறைவு, முதலில் கடுக்காய் நீரைப் பூசிக் காய வைத்துவிட்டு இதைத் தடவ வேண்டும். அதற்கும் முன்னால் பலகையை வெறும் தண்ணீரில் துடைத்து, எழும்பும் நாரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பின்னால் சொரசொரப்பு இருக்காது. பலகையின் வெட்டுமுனை கண்டபடி குடிக்கும், அங்கே குறைவாகத் தடவுங்கள். பழைய வார்னிஷோ பசையோ ஒட்டியிருந்த இடம் வெள்ளைத் திட்டாகப் பல்லிளிக்கும்.

ஓலைக்கு இந்த மை சரிப்படாது. எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கரி நிற்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் கடுக்காய் மை பழுப்பாகத் திரும்பிவிடும் என்பதால் அங்கேயும் கரிதான், பிசினில் குழைத்து. மஞ்சள், பீட்ரூட் எல்லாம் குழந்தைகள் விளையாட ஆகும், அவ்வளவுதான்: மஞ்சள் வெயிலில் ஓடிவிடும், சோப்பு பட்டால் சிவக்கும், பீட்ரூட் பழுப்பாகிவிடும். வண்ணார் குறி போடும் சேங்கொட்டை துணியில் சாகும்வரை நிற்கும், ஆனால் அந்தக் கொட்டையின் சாறு நம் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், வீட்டில் தொடாதீர்கள்.

கடுக்காய் மை கைத்தவறிக் கொட்டினால் எலுமிச்சைச் சாறு கருமையை வெளுக்க வைக்கும். துணிக்கும் எவர்சில்வருக்கும் சரி. நான் யோசிக்காமல் சமையல் மேடையின் கடப்பைக் கல்லிலும் பிழிந்துவிட்டேன், மைக்கறை போய்விட்டது, சாறு அரித்த வட்டம் மட்டும் பளபளப்பு செத்து இன்னும் அப்படியே இருக்கிறது, அதன்மேல் இப்போது உப்பு ஜாடியை வைத்திருக்கிறேன்.