ரோமானிய விருந்தின் முதல் தட்டு: மிளகும் தேனும் சேர்ந்த முட்டை

பண்டைய ரோமானியரின் சமையல் என்றதும் தக்காளியும் பாஸ்தாவும் நினைவுக்கு வந்தால், முதலில் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் அவர்கள் கண்டதில்லை. முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடிப்பது அவர்கள் விருந்து வழக்கம். புதிதாகச் சமைப்பவர்களும் முட்டையிலிருந்தே தொடங்கலாம். அபிசியஸ் பெயரில் வழங்கும் பழைய சமையல் தொகுப்பில் இந்தக் குறிப்பு இருக்கிறது. அதில் பொருள்கள் மட்டும்தான், அளவு கிடையாது. நான்கு முட்டைக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகளைத் தருகிறேன்.

1. பைன் நட்ஸ் 50 கிராம் எடுத்து, 2 மேசைக்கரண்டி வினிகரில் 3 மணி நேரம் ஊறவையுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் தோலுரித்த பாதாம் போடலாம். முந்திரி வேண்டாம். அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு.

2. அரைத் தேக்கரண்டி மிளகைச் சிறு உரலில் இடியுங்கள். பாக்கெட் தூள் கூடாது, இந்தத் தட்டின் உயிரே மிளகுதான். யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலங்கள் பொன்னோடு சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு (149) பாடுகிறது. அந்த மிளகு ரோமில் ஓர் இராத்தல் 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) விற்றதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அன்றைய படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 225 தெனாரியஸ்தான். அந்த விலையிலும் அபிசியஸ் தொகுப்பில் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு இருக்கிறது!

3. அதே உரலில் கொஞ்சம் செலரி இலை (அவர்கள் போட்டது லவேஜ், நம் கடைகளில் கிடைப்பது அரிது), ஊறிய பருப்பு, ஊறவைத்த வினிகர், ஒரு தேக்கரண்டி தேன் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். மிக்ஸியில் ஓடவிட்டால் பருப்பு எண்ணெய் கக்கிவிடும்.

4. உப்புக்குப் பதில் அவர்கள் ஊற்றியது, மீனையும் உப்பையும் வெயிலில் ஊறவைத்து வடித்த சாறு. தாய்லாந்து ஃபிஷ் சாஸ் ஒரு தேக்கரண்டி போதும். பாட்டிலைத் திறந்ததும் வரும் வாடையைக் கண்டு பயப்படாதீர்கள், தேனோடு கலந்ததும் அடங்கிவிடும். இப்போது நாக்கில் வைத்துப் பாருங்கள். புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் தெரிய வேண்டும். தேன் மட்டும் தூக்கலாக இருந்தால் இன்னும் சில சொட்டு வினிகர் விடுங்கள்.

5. கொதிக்கும் நீரில் முட்டைகளை மெதுவாக இறக்கி, 7 நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். வெள்ளை இறுகி, மஞ்சள் இளகலாக இருக்கும். உரித்து, இரண்டாக வெட்டி, மேலே இந்த அரைத்த சாஸை ஊற்றுங்கள்.

வசதியான வீடுகளில் மூன்று சாய்வுக் கட்டில்களில் ஒன்பது பேர் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, வலது கையால் சாப்பிடுவார்கள். முள்கரண்டி கிடையாது; விரல்கள்தான், கூடவே காம்பு கூரான ஒரு சிறு கரண்டி. நாம் உட்கார்ந்தே சாப்பிடலாம். மிச்சமான சாஸ் ஃபிரிட்ஜில் மறுநாள் வரை தாங்கும். வறுத்த மீனுக்கும் நன்றாகச் சேரும்.